ஒரே வலைப்பக்கத்துக்கு மூன்று புள்ளி

தரம் 11 மாணவி ஒருத்தி தன் பாடசாலையைப் பற்றி மூன்று பக்கத்தில் சின்ன இணையத்தளம் ஒன்று செய்து ஒப்படையாகக் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் பாடசாலையின் படம், அடுத்த பக்கத்தில் நேரசூசி, மூன்றாவதில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிவுகள். ஹட்டனில் ஓர் ஆசிரியர் அதற்கு 74 போடுகிறார். தலவாக்கலையில் இன்னொருவர் 61. பொகவந்தலாவையில் மூன்றாமவர் 46. மூவரும் நேர்மையானவர்கள், பாடம் தெரிந்தவர்கள். பிள்ளை யாரென்று மூவருக்குமே தெரியாது. பிறகு எங்கிருந்து வந்தது இந்த 28 புள்ளி வித்தியாசம்?

இது நம்மூரில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1912இல் ஓர் ஆங்கில விடைத்தாளைப் பிரதியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். 60களில் போட்டவரும் இருந்தார், 98 போட்டவரும் இருந்தார். மொழிப்பாடம் என்றால் அப்படித்தான், கணக்கில் இப்படி நடக்காது என்று பலர் சொன்னார்கள். அடுத்த வருடமே கேத்திரகணித விடைத்தாள் ஒன்றை அதேபோல அனுப்பினார்கள். இந்த முறை 28இலிருந்து 95 வரை வந்தது. கணக்குப் பாடத்தில் இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது.

இங்கிலாந்தில் 1935இல் வெளியான ஹார்டொக், ரோட்ஸ் ஆய்வு இதைவிட சங்கடமானது. வரலாற்று விடைத்தாள் 15ஐ முன்பு திருத்திய பரீட்சகர்கள் 14 பேரிடமே, ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டு, மறுபடி கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92இல் சித்தியில்லை, சித்தி, திறமைச் சித்தி என்ற முடிவே மாறிப்போனது. மற்றவரோடு ஒத்துப்போவது இருக்கட்டும், நம்மோடு நாமே ஒத்துப்போவதில்லை.

வலைத்தளம் செய்யும் ஒப்படையில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றும். கட்டுரையைப் போல அதில் ரசனைக்கு இடமுண்டு, கணக்கைப் போல சரி பிழைக்கும் இடமுண்டு, தையல் வேலையைப் போல உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற இரண்டு முகமும் உண்டு. திரையில் நன்றாகத் தெரிகிற பக்கத்தின் உள்ளே குறிமுறை அலங்கோலமாக இருக்கலாம். சுத்தமாக எழுதிய குறிமுறை ஒரே ஓர் எழுத்துப் பிழையால் திரையில் வெறும் வெள்ளையாக நிற்கலாம்.

அந்த 28 புள்ளியைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் முகப்புப் படம். பாடசாலைக் கணினிக் கூடத்தில் அது அழகாகத் தெரிந்தது. ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் படம் இருக்கவேண்டிய இடத்தில் சின்னப் பெட்டிதான் இருக்கிறது. “சேர், ஸ்கூல் கம்பியூட்டர்ல நல்லாத்தான் வந்துச்சு” என்பாள் பிள்ளை. அவள் சொல்வது உண்மை. படம் இருக்கும் இடத்தைச் சொல்லும்போது சி டிரைவில் தொடங்கி, அந்தக் கணினியின் டெஸ்க்டொப் வரைக்கும் முழு முகவரியையும் எழுதிவிட்டாள். அந்த முகவரி அந்த ஒரு கணினியில் மட்டும்தான் செல்லும். ஓர் ஆசிரியர், படம் வரவில்லை என்று பூச்சியம் போட்டார். இன்னொருவர், படத்தை அழைக்கும் டேக் சரிதானே என்று 4க்கு 4 போட்டார். மூன்றாமவர் பாவம் பார்த்து 2 போட்டார். அவரவர் கணக்கில் மூன்றுக்கும் நியாயமுண்டு. புள்ளித் திட்டத்தில் “படம் சேர்த்தல் – 4” என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் இந்தச் சண்டை தீரவே தீராது. அந்த நான்கை டேக் சரியாக எழுதியதற்கு 1, கோப்பின் பெயர் சரியாக இருந்தால் 1, படத்தைத் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே வைத்து அங்கிருந்து அழைத்தால் 1, படம் வராதபோது தெரியவேண்டிய மாற்று வாசகத்துக்கு 1 என்று உடைத்துவிட்டால், மூவருமே 2இல் வந்து நிற்பார்கள். டேக்கும் பெயரும் சரி, முகவரி பிழை, மாற்று வாசகம் எழுதவில்லை. பிள்ளைக்கும் எங்கே போனது அந்த இரண்டு என்று தெரியும்.

அடுத்தது யாரும் அவ்வளவாகப் பேசாத காரணம். என் பார்வையில் இதுதான் பெரிய காரணம். ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்லை எந்த வருடம் படித்தார்களோ, அந்த வருடத்தையே இன்னும் கையில் வைத்துக்கொண்டு திருத்துகிறார்கள். எழுத்தை நடுவில் நிறுத்தும் சென்டர் டேக், நிறம் மாற்றும் ஃபொன்ட் டேக் இரண்டையும் தவிர்க்கும்படி 1997இலேயே, எச்.டி.எம்.எல் 4 வந்தபோதே, சொல்லிவிட்டார்கள். 2014இல் அங்கீகாரம் பெற்ற எச்.டி.எம்.எல் 5 அவற்றை வழக்கொழிந்தவை என்றே ஒதுக்கியது. ஆனால் பழைய பாடக் குறிப்புகளிலும் டியூட்டரிகளிலும் அவை இன்னும் உலாவுகின்றன. இடையில் 2000இல் எக்ஸ்.எச்.டி.எம்.எல் என்ற கறாரான வடிவம் வந்தது. எல்லா டேக்கும் சின்ன எழுத்தில் இருக்கவேண்டும், திறந்ததை எல்லாம் மூடவேண்டும் என்றது அது. அந்தக் காலத்தில் பயிற்சி பெற்றவர், பட்டியல் வரியின் மூடும் டேக் ஒன்று விடுபட்டாலே சிவப்புக் கோடு போடுவார். எச்.டி.எம்.எல் 5இன் விதிப்படி அந்த மூடும் டேக்கை விட்டுவிடலாம். பிள்ளை செய்தது பிழையே அல்ல.

ஆகவே 46 போட்டவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவர் வேறொரு காலத்தின் விதிகளை வைத்துத் திருத்தியிருக்கிறார். ஆசிரியர் பயிற்சி என்றதும் “நடுநிலையாக இருங்கள்” என்று உபதேசம் செய்யக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நடுநிலை ஏற்கெனவே இருக்கிறது. எந்த விதியின்படி திருத்துவது என்பதில்தான் உடன்பாடு இல்லை. அதற்கு என் தீர்ப்பு எளிது. பிள்ளையின் பாடநூலும் பாடத்திட்டமும் எதைக் கற்பித்தனவோ அதைச் செய்ததற்காகப் புள்ளி குறைக்கக்கூடாது, புதிய முறையில் செய்ததற்காகவும் குறைக்கக்கூடாது. பக்கத்தின் தோற்றத்தைத் தனியே விவரிக்கும் சிஎஸ்எஸ் கொண்டு நடுவில் நிறுத்தினாலும் சரி, சென்டர் டேக்கால் நிறுத்தினாலும் சரி, கேட்டது நடுவில் நிறுத்துவதென்றால் இரண்டுக்கும் புள்ளி உண்டு. சிஎஸ்எஸ்தான் வேண்டும் என்றால் அதைக் கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, ஒரு பிழைக்கு எத்தனை தண்டனை என்பது. நிறம், எழுத்தளவு, ஓரம் எல்லாவற்றையும் தனியொரு சிஎஸ்எஸ் கோப்பில் ஒழுங்காக எழுதிய மாணவன், முகப்புப் பக்கத்தில் அந்தக் கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். ஒரு நிறமும் வரவில்லை. திரையை மட்டும் பார்க்கிறவர் நிறத்துக்கு 0, எழுத்துக்கு 0, ஓரத்துக்கு 0 என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு போவார். செய்யவேண்டியது வேறு. அந்த எழுத்தைத் திருத்திவிட்டு, பக்கத்தை மறுபடி திறந்து, இணைத்ததற்கான 1 புள்ளியை மட்டும் கழித்து, மற்றதற்கெல்லாம் உரியதைக் கொடுக்கவேண்டும். கணிதத்தில் முதல் வரியில் கூட்டல் பிழைத்தாலும் அடுத்த வரிகளின் முறைக்குப் புள்ளி தருவது நமக்குப் பழக்கம்தான். கணினிப் பாடத்தில் மட்டும் ஏனோ கை வருவதில்லை.

மலையகத்துக்கும் வடக்கு கிழக்குக்கும் பொதுவான இன்னொரு தொல்லை பாமினி. அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் விரியும். பிள்ளை எழுதிய அழகான தமிழ் அறிமுகம் ஆசிரியருக்குக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில்தான் தட்டவேண்டும், பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடவேண்டும் என்று ஒப்படைத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிந்தது. சேர்க்காமல் விட்டுவிட்டு அதற்குப் புள்ளி வெட்டுவது நியாயமில்லை.

கடைசியாக “கவர்ச்சிகரமான வடிவமைப்பு – 20 புள்ளி” என்ற அந்த வரி. மூன்று ஆசிரியர்களின் மொத்தம் பிரிந்ததில் பெரும்பங்கு இதற்குத்தான் இருக்கும். ஒருவருக்குப் பிடித்த மஞ்சள் இன்னொருவருக்குக் கண்ணைக் கரிக்கும். இந்த 20இல் பெரும்பகுதியை அளந்து பார்க்கக்கூடியதாக மாற்றிவிடலாம். பின்னணி நிறத்தின்மேல் எழுத்து வாசிக்க முடிகிறதா? இணைய அணுகல் வழிகாட்டிகள் இதற்கு 4.5க்கு 1 என்று ஒரு விகிதமே வைத்திருக்கின்றன. இலவசக் கருவியில் இரண்டு நிறத்தையும் போட்டால் சொல்லிவிடும். எல்லாப் பக்கத்திலிருந்தும் முகப்புக்குத் திரும்ப வழி இருக்கிறதா? கைபேசியில் திறந்தால் அட்டவணை திரைக்கு வெளியே ஓடுகிறதா? இவையெல்லாம் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள். மிச்சமிருக்கும் 4 அல்லது 5 புள்ளியை ரசனைக்கு விடுங்கள். அதற்கும் நல்லது, நடுத்தரம், சுமார் என்று மூன்று மாதிரிப் பக்கங்களை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சொல்லில் விளக்குவதைவிட, பார்த்து ஒப்பிடுவது நிச்சயமாக எளிது.

இத்தனையையும் ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. தேசியப் பரீட்சைகளில் இதற்கான இயந்திரம் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. க.பொ.த. பரீட்சை விடைத்தாள் திருத்தப் போன எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். பரீட்சகர் சிவப்புக் குமிழ்முனைப் பேனாவால் மட்டுமே புள்ளியிட வேண்டும். ஊதா நிறம் பிரதம பரீட்சகருக்கு உரியது. அதனால் யார் எங்கே கை வைத்தார்கள் என்பது தாளைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். உப பிரிவின் புள்ளி முக்கோணத்துக்குள், வினாவின் மொத்தம் சதுரத்துக்குள். எழுதிய இலக்கம் பிழைத்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டி அருகில் சுருக்கொப்பம் வைக்கவேண்டும். சின்னச் சடங்குகளாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய தகராறுக்குப் பிறகு வந்தது என்பது என் ஊகம்.

இவற்றைவிட முக்கியமானது அச்சடித்த புள்ளித் திட்டத்தின் முன்பக்கத்தில் இருக்கும் குறிப்பு. பிரதம பரீட்சகர்கள் கூடிப் பேசும்போது வரும் கருத்துகளுக்கேற்ப அந்தத் திட்டம் மாறக்கூடும் என்று அதிலேயே சொல்லியிருப்பார்கள். அதாவது நிபுணர்கள் உட்கார்ந்து தயாரித்த திட்டமும், உண்மையான விடைத்தாளைக் காணும்வரை முழுமையடைவதில்லை. பிள்ளைகள் என்னென்ன விதமாக எழுதுவார்கள் என்பதை மேசையில் உட்கார்ந்து முழுக்க ஊகிக்க யாராலும் முடியாது.

பாடசாலை ஒப்படையில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. கேள்வி எழுதுவது, கற்பிப்பது, திருத்துவது, புள்ளியைப் பதிவது எல்லாம் ஒரே ஆள். தோட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில் தகவல் தொழினுட்பத்துக்கு இருப்பதே ஓர் ஆசிரியர்தான். “இதற்கு நீங்கள் எத்தனை போடுவீர்கள்?” என்று பக்கத்து அறையில் கேட்க ஆளில்லை. ஆகவே பயிற்சியைப் பாடசாலைக்குள் நடத்த முடியாது. வலய மட்டத்தில், ஆசிரிய ஆலோசகர் கூட்டுகிற ஒரு நாள் செயலமர்வாக நடத்தவேண்டும். வழக்கமான செயலமர்வு போல ஒருவர் திரையில் ஸ்லைட் காட்ட, மற்றவர்கள் தேநீர் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இருந்தால் பயனில்லை. திருத்திப் பழகவேண்டும்.

ஆறு ஒப்படைகள் போதும். பெயரை எடுத்துவிட்டு, மிக நல்லது, மிக மோசமானது, நடுவில் சிக்கலானவை என்று கலந்து தெரிவு செய்யவேண்டும். மேலே சொன்ன படம் வராத பக்கம், ஓர் எழுத்துப் பிழைத்த பக்கம், பாமினிப் பக்கம் மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். காலையில் எல்லோரும் பேசாமல் தனித்தனியாகத் திருத்துவார்கள். பிறகு ஒவ்வொருவரும் போட்ட புள்ளியைப் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதுவது. மொத்தத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு வரிக்கும் போட்டதை. எல்லோரும் ஒன்றாக நிற்கிற வரிகளைத் தொடவே வேண்டாம். பிரிந்து நிற்கும் வரிகளை மட்டும் பேசுவது. இங்கே ஒரு சோதனை வரும். 46க்கும் 74க்கும் நடுவில் 60 என்று சராசரி எடுத்துச் சமாதானமாகப் போய்விடத் தோன்றும். கூடாது. சராசரி சண்டையை மறைக்கும், தீர்க்காது. ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று இருவரும் சொல்லி, ஒரு முடிவுக்கு வந்து, அதைப் புள்ளித் திட்டத்தில் அதே இடத்தில் ஒரு வரியாக எழுதவேண்டும். பின்னேரம் புதிதாக இரண்டு ஒப்படைகளைத் திருத்திப் பார்த்தால் இடைவெளி சுருங்கியதா இல்லையா என்பது கரும்பலகையிலேயே தெரிந்துவிடும்.

கறாரானவர் ஒருவர் எப்போதும் எல்லோருக்கும் ஐந்து குறைத்தே போடுவார் என்றால் அவரால் பெரிய ஆபத்தில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு எந்த நேரமும் ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் அதைக் கண்டுபிடித்து நியாயம் கேட்கலாம். காலையில் ஒரு மாதிரி, பின்னேரம் ஒரு மாதிரி காட்டினால் யாரிடம் போய் முறையிடுவது? முதல் பத்துப் பிள்ளைக்குத் தாராளமாகவும், களைத்துப்போன பிறகு வருகிறவர்களுக்குச் சுருக்கியும் போடுகிற கைதான் பிரச்சினை. அதற்கு எளிய மருந்து உண்டு. ஒரு பிள்ளையின் ஒப்படையை முழுக்கத் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எல்லோருடைய அட்டவணையையும் முதலில், எல்லோருடைய இணைப்புகளையும் அடுத்து என்று வரி வரியாகத் திருத்துவது. முதல் பக்கம் நன்றாக இருந்ததால் அடுத்த பக்கத்துக்கும் கை தானாக நீளுவதையும் இது தடுக்கும். ஒரு நல்ல குணம் மற்ற எல்லாவற்றுக்கும் ஒளி பூசிவிடுவதை எட்வர்ட் தோர்ன்டைக் என்ற உளவியலாளர் 1920இலேயே காட்டிவிட்டார். சின்னப் பாடசாலையில் இது இரட்டிப்பாகும். யார் பிள்ளை, எந்த டிவிஷன், அண்ணன் எப்படிப் படித்தான் என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். சுட்டெண் மட்டும் போட்டு வாங்கி, பக்கத்துப் பாடசாலையோடு ஒரு பென் டிரைவ் மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நியாயம் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லா ஆசிரியரும் ஒரே புள்ளி போட்டாலும் ஒப்படையே அநியாயமாக இருக்கலாம். ஹட்டன் டவுனில் வீட்டில் மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளையும், லயத்து அறையில் அப்பாவின் கைபேசியில் டேட்டா தீரும்வரை பார்க்கிற பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். அசையும் பேனர், பதிவிறக்கிய பத்துப் படம், வண்ண அச்சுப் பிரதி, பிளாஸ்டிக் கவர் இவற்றுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு புள்ளியும் வீட்டு வசதிக்குக் கொடுக்கிற புள்ளி. ஒப்படையைக் கணினிக் கூடத்தில், பாட நேரத்தில் செய்து முடிக்கும் அளவுக்குச் சுருக்கவேண்டும். கணினி போதாவிட்டால் குறிமுறையைக் கொப்பியில் எழுதியும் கொடுக்கலாம். பொதுப் பரீட்சையில் எச்.டி.எம்.எல் கேள்விக்குப் பிள்ளை கடைசியில் தாளில்தானே விடை எழுதப்போகிறாள்.

வெளியில் செய்து வருகிற ஒப்படையில் இன்னொரு சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும். டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்துச் செய்தது எது, செட்ஜிபிடியிடம் கேட்டு ஒட்டியது எது என்று குறிமுறையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. சந்தேகத்தின் பேரில் புள்ளி வெட்டுவது மிக மோசமான முறை. நன்றாகச் செய்த ஏழைப் பிள்ளைதான் முதலில் மாட்டும், அவளால் இது முடியாது என்ற நினைப்பு முன்கூட்டியே இருப்பதால். அதற்குப் பதிலாக எல்லோரையும், விதிவிலக்கு இல்லாமல், இரண்டு நிமிடம் கணினி முன் உட்காரவைத்து, “இந்த அட்டவணையில் இன்னொரு நிரை சேர், மகள்” என்று கேட்கலாம். சேர்த்தால் அவளுடையது. அதற்கும் புள்ளித் திட்டத்தில் ஒரு வரி ஒதுக்கி, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேள்வி கேட்கவேண்டும்.

தொழிற்பயிற்சிப் பக்கம் போனால் என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்றகைமை முறையில் புள்ளியே கிடையாது. குறித்த வேலையைச் செய்யத் தெரியும், இன்னும் தெரியாது என்ற இரண்டே தீர்ப்பு. வலைத்தளம் செய்வது போன்ற கைவேலைக்கு அதுதான் பொருத்தமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பாடசாலையில் 75க்கு ஏ, 74க்கு பி என்று கோடு போட்டிருக்கும்வரை அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறுகிற ஆசிரியர், பயிற்சியின் கடைசி ஒரு வருடத்தைப் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சியாகக் கழிக்கிறார். பாடம் நடத்துவதை அந்த வருடத்தில் மேற்பார்வை செய்கிறார்கள். திருத்துவதையும் அதே போல யாராவது பக்கத்திலிருந்து பார்த்தால், கை ஒரு பழக்கத்தில் இறுகிப்போவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம். ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் அடுத்த தவணைக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் பழைய புள்ளித் திட்டம் ஒன்றையும், உங்கள் வகுப்பு ஒப்படைகள் ஆறையும் எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் இருவரோடு ஒரு சனிக்கிழமை உட்காருங்கள். திருத்தி முடித்த திட்டத்தை அடுத்த ஒப்படை கொடுக்கும் நாளிலேயே பிள்ளைகளின் கையிலும் கொடுத்துவிடுங்கள்.